அரைப்பேர்

பல ஆண்டுகளுக்கு முன்னர், ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் மாலைநேரக் கொழுந்து நிறுவையைப் பார்த்து நின்றேன். சரிவுகளில் ஏறியிறங்கியே முழங்கால் வளைந்துபோன முதிய அம்மையார் ஒருவரின் கொழுந்து எடை குறைந்திருந்தது. 'அரைப்பேர்' என்று பதிந்தார் கணக்கப்பிள்ளை. பாதிச் சம்பளம் என்பது பொருள். அம்மையார் பேசாமல் நடந்தார்.

இந்தக் கணக்கு பழையது. கங்காணிகள் தமிழகத்திலிருந்து அழைத்து வந்தவர்களின் உடலைத்தான் தோட்டம் விலைக்குக் கொண்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் எண் பொறித்த தகரத்துண்டுடன் வந்தார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் பெரும்பாலோர் நாடற்றவராயினர். பெரட்டுக்களத்தில் மட்டும் பெயர் எஞ்சியது. எடை குறைந்தால் அதுவும் பாதியாகும். நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவைத் தோட்டத்தில் 'நோர்ம்' என்பர். உடலின் 'இயல்பு' எதுவென்று சொல்லும் 'நோர்மல்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே.

ஹட்டனில் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயின்ற ஹனுஷா சோமசுந்தரம், தேநீர்ப் பைகளையும் வடிகளையும் கொண்டு தோட்டப் பெண்களின் வாழ்வைப் படைப்பாக்கியவர். நாம் குடித்துவிட்டு எறியும் பையே அங்கு அவர்களின் வாழ்வைச் சொல்லும் பொருளாகிறது. நிறுவல் கலை எனக்கு விளங்காது என்று எண்ணியிருந்தேன். அந்தப் பைகளைப் பற்றி எண்ணும்போது தராசுதான் நினைவுக்கு வருகிறது.

குறை அந்த அம்மையாரின் காலில் இல்லை; அவரை அரையென்று அளந்த தராசில் இருந்தது.