துப்பாக்கிச் சத்தமும் சுடுபவர் காதும்

ரைஃபிள் வெடிக்கும்போது ஒரே சத்தம் கேட்பது போலிருந்தாலும் அதில் இரண்டு கலந்திருக்கின்றன. தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வந்த வெடிமருந்து வாயு குழல்முனையைத் தாண்டியதும் திடீரென விரிந்து காற்றை அறைவது ஒன்று. தோட்டா ஒலியைவிட வேகமாக, அதாவது நொடிக்குச் சுமார் 340 மீட்டருக்கு மேல் பறந்தால், வழிநெடுகக் காற்றைக் கிழித்துப்போகும் வெடிப்போசை மற்றொன்று. முதலாவதைக் குழல்முனையில் ஏதாவது மாட்டித் தணிக்கலாம். இரண்டாவதற்கு அந்த வைத்தியம் பலிக்காது.

சிறிய .22 ரைஃபிளின் வேட்டே 140 டெசிபெல்லை நெருங்கும். பெரிய ரைஃபிள்கள் 160-ஐத் தாண்டும். கண்ணிமைக்கும் நேரம்கூட நீடிக்காத சத்தம்தான். ஆனாலும் 140-க்கு மேல் போனால் உட்செவியின் நுண்மயிர்ச் செல்களை அது நேரடியாகவே சிதைத்துவிடக்கூடும். மனிதரில் அவை மறுபடி முளைப்பதில்லை. முதலில் கெடுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன்; அதோடு ஓயாத ரீங்காரமும் சேர்ந்துகொள்ளும். வலது தோளில் துப்பாக்கியைத் தாங்குபவருக்கு இடது காதில்தான் சேதம் அதிகம். குழல்முனையைப் பார்த்துத் திரும்பியிருப்பது அந்தக் காது. வலது காது தலையின் மறைவில் தப்பிக்கொள்கிறது.

பீரங்கிக்காரர்களின் செவிட்டுத்தனம் பழைய சங்கதி. 1782 ஏப்ரலில் கரீபியக் கடலில் நடந்த செயின்ட்ஸ் போரில் பிரிட்டிஷ் தளபதி ராட்னி தம் ‘ஃபார்மிடபிள்’ கப்பலிலிருந்து 80 முறை பீரங்கி வரிசையை முழக்கச் செய்தார் என்றும், பிறகு இரண்டு வாரம் அவருக்குக் காது கேட்கவில்லை என்றும் செவிமருத்துவ நூல்கள் சொல்கின்றன. தளபதியின் காது என்பதால் அது எழுத்தில் ஏறியது. கீழ்த்தளத்தில் பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்ற நூற்றுக்கணக்கானோரின் காதுகளுக்குக் கணக்கு இல்லை. அவர்களுக்கு இருந்த பாதுகாப்பெல்லாம் கொஞ்சம் பஞ்சு, தலையைச் சுற்றிக் கட்டிய துணி, இல்லாவிட்டால் சொந்த உள்ளங்கை.

குழல்முனையில் எதையாவது பொருத்தலாம் என்ற எண்ணம் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. வந்தது காதுக்காக அல்ல. 1840-களில் பிரெஞ்சு பீரங்கிப்படை அதிகாரி த்ருயீ த பொலியூ, குழல்முனைக்கு அருகே சாய்வான துளைகளைப் போட்டு வாயுவைப் பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் திருப்பிவிட முயன்றார். பின்னால் திரும்பும் வாயு பீரங்கியைச் சற்று முன்னோக்கி இழுக்கும், உதைப்பு குறையும். மஸில் பிரேக் என்று இன்று சொல்லப்படுவதன் தத்துவம் முழுவதும் இவ்வளவுதான். 1920-களில் அமெரிக்க மரீன் அதிகாரி ரிச்சர்ட் கட்ஸ் உருவாக்கிய காம்பென்சேட்டர், வாயுவை மேல்நோக்கி வெளியேற்றி, தொடர்ந்து சுடும்போது குழல் மேலே எகிறாமல் பிடித்துக்கொண்டது. தாம்சன் சப்மெஷின் துப்பாக்கியின் முனையில் அதைக் காணலாம். பிரென் துப்பாக்கியிலும், 1944-இல் வந்த ‘ஜங்கிள் கார்பைன்’ ரைஃபிளிலும் இருக்கும் கூம்பு, தீச்சுடர் சுடுபவரின் கண்ணைக் கூசவைக்காமலிருக்கவும், அவர் இருக்குமிடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுக்காமலிருக்கவும் வைக்கப்பட்டது.

தோளுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று என்று வந்தாயிற்று. காதுக்கு வராதது மட்டுமல்ல, தோளைக் காத்த கருவியே காதைப் பதம் பார்த்தது. பிரேக் பின்பக்கம் திருப்பும் வாயுவோடு சத்தமும் திரும்பி வருகிறது. 1980-களில் வந்த பேரெட் .50 ரைஃபிளின் முனையில் அம்புத்தலை வடிவில் ஒரு பெரிய பிரேக் இருக்கிறது. அது இல்லாமல் அந்தத் துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுடுவது பெரும்பாடு. ஆனால் பயிற்சித் திடலில் பக்கத்து மேசையில் இருப்பவருக்கு ஒவ்வொரு வேட்டும் முகத்தில் அறைவது போலிருக்கும். தரையிலிருந்து புழுதி கிளம்பும்.

காதை முன்னிட்டு யோசித்த முதல் பெரிய முயற்சி ஒரு விசித்திரமான குடும்பத்திலிருந்து வந்தது. தந்தை ஹைரம் ஸ்டீவன்ஸ் மேக்சிம், 1884-இல் நிமிடத்துக்கு 600 குண்டுகள் சுடும் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவர். ஐரோப்பிய அரசர்கள் முன்னாலும் தளபதிகள் முன்னாலும் அதைத் தாமே சுட்டுக் காட்டினார்; முதுமையில் அவருக்குக் காது அறவே கேட்காமல் போனது. அமெரிக்காவில் தாயிடம் வளர்ந்த மகன் ஹைரம் பெர்சி மேக்சிம், ஹார்ட்ஃபோர்டில் மோட்டார் வண்டிப் பொறியாளராக இருந்தவர். வண்டி என்ஜினின் புகைக்குழாய்ச் சத்தத்தைத் தணிக்கும் வேலையும் துப்பாக்கிச் சத்தத்தைத் தணிக்கும் வேலையும் அடிப்படையில் ஒன்றே என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. குளியல் தொட்டியிலிருந்து தண்ணீர் சுழன்று சுழன்று வடிவதைப் பார்த்தபோது வாயுவையும் அப்படிச் சுழலவிட்டுத் தாமதப்படுத்தலாமே என்று தோன்றியதாக ஒரு கதை உண்டு. 1909 மார்ச் 30-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

அவருடைய சைலன்சர் கைக்கு அடக்கமான ஓர் உருளை. உள்ளே வளைந்த தகடுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். தோட்டா நடுத்துளை வழியே நேராகப் போய்விட, பின்னால் வரும் வாயு தகடுகளுக்கிடையே சுழன்று, வேகமும் சூடும் குறைந்து, மெல்ல வெளியேறும். உருளையின் மையத்தில் துளை இருந்தால் அதன் மேல்விளிம்பு குறிபார்ப்பதை மறைக்கும். அதனால் துளையை மையத்திலிருந்து மேல்பக்கமாகத் தள்ளி வைத்தார். உருளையின் பெரும்பகுதி குழலுக்குக் கீழே தொங்கியது. பார்க்கக் கோணலாக இருக்கும். வேலைக்கு அதுவே சரி. இரும்புக்கடையிலும் தபாலிலும் யாரும் வாங்கக்கூடிய பொருளாக அது விற்றது. முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டும் தம் வின்செஸ்டர் ரைஃபிளுக்கு ஒன்றைப் பொருத்தியிருந்தார். அக்கம்பக்கத்தாரைத் தொந்தரவு செய்யாமல் சுட்டுப் பழகலாம் என்பதே விளம்பரங்களின் முக்கியத் தொனி.

விற்பனை நெடுநாள் செழிக்கவில்லை. 1920-களின் நடுவில் மேக்சிமின் கம்பெனி துப்பாக்கி சைலன்சரைக் கைவிட்டு என்ஜின்களுக்கான சைலன்சருக்கு மாறிவிட்டது. அடுத்து வந்தது 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம். மதுவிலக்குக் காலத்துக் கொள்ளைக் கும்பல்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்தச் சட்டம், இயந்திரத் துப்பாக்கியோடு சைலன்சரையும் பட்டியலில் சேர்த்தது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் 200 டாலர் வரி, கட்டாயப் பதிவு. பொருளின் விலையைப்போலப் பல மடங்கு வரி! கும்பல்கள் உண்மையில் அதிகம் பயன்படுத்திய கைத்துப்பாக்கியோ மசோதாவிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. சைலன்சர் ஏன் சேர்ந்தது என்பதற்கு விசாரணைப் பதிவுகளில் திருப்தியான விளக்கம் இல்லை. பிறகு சினிமா வந்து, ‘புஸ்’ என்ற மெல்லோசையோடு ஆளைத் தீர்க்கும் கருவியாக அதை நிலைநிறுத்தியது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷார் ரகசியப் படைகளுக்குச் செய்த வெல்ராட் கைத்துப்பாக்கியும், ஒலிவேகத்துக்குக் குறைவாகப் பறக்கும் .45 தோட்டாவைச் சுட்ட டி லைல் கார்பைனும் அந்தப் பெயருக்கு ஓரளவு நியாயம் செய்தன. சாதாரண ரைஃபிளில் மாட்டிய சைலன்சர் 20 முதல் 35 டெசிபெல் வரை குறைக்கும். அதற்குப் பிறகும் மிஞ்சுவது பெருஞ்சத்தமே.

துப்பாக்கியில் வழி அடைபட்டபோது காதில்தான் அடைப்பு வைக்க வேண்டியிருந்தது. அந்த அடைப்பு முன்பே வந்திருந்தது: 1907-இல் பெர்லினில் மாக்ஸ் நெக்வர், மெழுகும் பஞ்சும் கலந்த ‘ஓரோபாக்ஸ்’ உருண்டைகளை உருவாக்கினார். முதல் உலகப்போரில் ஜெர்மன் சிப்பாய்கள் அவற்றோடு பதுங்குகுழிகளில் கிடந்தார்கள். பிரிட்டிஷ் பக்கம் மேலாக்-ஆர்ம்ஸ்ட்ராங் என்ற காதடைப்பான் வந்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கிய வி-51ஆர் மிருதுவான ஒரு செருகி. ஆளுக்கு ஆள் காதுத்துளை வேறுபடுவதால் அதைப் பல அளவுகளில் செய்யவேண்டியிருந்தது. அளவு பார்த்துப் போட்டால்தான் பலன்.

அந்தத் தொல்லையைத் தீர்த்தது நுரைச்செருகி. 1967-இல் மாசசூசெட்ஸில் ராஸ் கார்ட்னர் என்ற ஆய்வாளரின் கையில், நசுக்கினால் உடனே எழாமல் மெதுவாகப் பழைய வடிவுக்குத் திரும்பும் ஒரு நுரைப்பொருள் அகப்பட்டது. விரலிடையே உருட்டி மெல்லிய குச்சியாக்கிக் காதில் விட்டு அரை நிமிடம் விரலால் பிடித்திருந்தால், அது விரிந்து எந்த அளவுத் துளையையும் அடைத்துக்கொள்ளும். பாதி செருகி விட்டுவிடுபவர்கள் நிறைய. அவர்களுக்கு டப்பாவில் அச்சிட்ட 30 டெசிபெல் கிடைப்பதில்லை. செருகிக்கு மேல் இயர்மஃபும் மாட்டினால் இரண்டின் எண்களும் கூடிவிடாது; கூடுதலாகக் கிடைப்பது ஐந்து டெசிபெல்லை ஒட்டித்தான். ஒரு கட்டத்துக்கு மேல் சத்தம் மண்டையோட்டு எலும்பு வழியாகவே உள்ளே போகிறது.

ராணுவத்தில் வேறொரு சிக்கல்: காதை அடைத்துக்கொண்ட சிப்பாய்க்குக் கட்டளையும் கேட்காது, காலடியும் கேட்காது. ஒரு பக்கம் முழு அடைப்பு, மறுபக்கம் பேச்சை விட்டு வேட்டை மட்டும் தடுப்பது என இருமுனையாக வந்த ‘காம்பாட் ஆர்ம்ஸ்’ செருகி அதற்காகத்தான். அது சரியாகப் பொருந்தாமல் தளர்ந்தது என்று லட்சக்கணக்கான முன்னாள் வீரர்கள் வழக்குப் போட, 3எம் நிறுவனம் 2023-இல் சுமார் 600 கோடி டாலர் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. காதில் ரீங்காரமும் செவித்திறன் இழப்பும் அமெரிக்க முன்னாள் வீரர்கள் இழப்பீடு பெறும் குறைபாடுகளில் முதல் வரிசையில் நிற்கின்றன. மைக் வைத்த இயர்மஃப் இப்போது அந்தச் சிக்கலை இன்னும் நேர்த்தியாகக் கையாள்கிறது. மெல்லிய ஒலியைப் பெருக்கித் தரும். வேட்டு வெடித்த கணத்தில் பெருக்கியை அடக்கிவிடும்.

நார்வேயிலும் பின்லாந்திலும் வேட்டைக்காரர் சைலன்சர் மாட்டுவது தலைக்கவசம் அணிவதுபோல் இயல்பான காரியம். பிரிட்டனில் ரைஃபிள் உரிமத்தோடு அதற்கும் அனுமதி வாங்கலாம். அமெரிக்காவில் 200 டாலர் வரி 90 ஆண்டுகளுக்கு மேல் ஒரு காசு மாறாமல் நின்று, 2025-இல் இயற்றிய சட்டத்தின்படி 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்குப் பூஜ்யமானது. பதிவு மட்டும் தொடர்கிறது. வரி போனாலும் தோட்டா காற்றைக் கிழிக்கும் ஓசை போகவில்லை என்பதால், திடலில் சைலன்சர் மாட்டியவரும் இயர்மஃபைக் கழற்றுவதில்லை.