கோட்டையும் நூலகமும்: யாழ்ப்பாண நகரின் மரபும் இளைஞரின் பொதுவெளியும்

ஒரு நகரின் மரபுரிமையைப் பற்றிப் பேசும்பொழுது அதன் பழைய கட்டடங்களைப் பட்டியலிடுவதே வழக்கமாக இருந்து வருகின்றது. எப்பொழுது கட்டப்பட்டது, யார் கட்டுவித்தார், எப்பாணியில் அமைந்தது என்பன அப்பட்டியலில் இடம்பெறும் வினாக்களாகும். யாருடைய உழைப்பிற் கட்டப்பட்டது, யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு மூடப்பட்டிருந்தது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இளந்தலைமுறையினர் தமது நகரின் மரபைச் சுவைத்து அறிதல் வேண்டும் என்றும், அவர்கள் அச்சமின்றிக் கூடுவதற்குப் பொது இடங்கள் வேண்டும் என்றும் இன்று பலரும் கூறுகின்றனர். இவ்விரு கோரிக்கைகளும் தனித்தனியானவை அல்ல. யாழ்ப்பாண நகரின் வரலாற்றை நோக்குமிடத்து, அங்கு பொதுவெளி என ஒன்று உருவாகிய வரலாறே அதன் தலையாய மரபு என்பது புலப்படும்.

பண்ணைக் கடலோரத்திற் கோட்டை, அதனை அடுத்து முற்றவெளி, அதற்கப்பால் பொதுசன நூலகம் ஆகிய மூன்றும் சிறிது நேர நடையில் அடையத்தக்க தூரத்தில் அமைந்துள்ளன. மூன்று வேறுபட்ட சமூக உறவுகளின் சின்னங்களாக இவற்றைக் கொள்ளலாம்.

1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இவ்விடத்திற் கோட்டையை எழுப்பினர். 1658இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் அதனைத் திருத்தி அமைத்தனர். வெளியரண்கள் 1792இலேயே நிறைவுற்றன. மூன்றாண்டுகளுக்குள், 1795இல், அது ஆங்கிலேயர் வசமாயிற்று. அண்மைக்கால அகழ்வாய்வுகளில், ஐரோப்பியர் வருகைக்கு நெடுங்காலம் முன்னரே இங்கு கடல்வணிகத்தோடு தொடர்புடைய குடியிருப்பு இருந்தமைக்கான சான்றுகள் கிடைத்துள்ளன. பலரும் வந்துபோன துறையொன்றின் மீதே அயலவரை வெளியே நிறுத்தும் மதில் எழுந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இக்கோட்டையின் கற்களைத் தேசாதிபதிகள் சுமக்கவில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில் ‘ஊழியம்’ எனப்பட்ட கட்டாய உழைப்பு முறை நிலவியது. குறிப்பிட்ட சமூகப் பிரிவினர் ஆண்டுதோறும் கூலியின்றி வேலைசெய்யக் கடமைப்பட்டிருந்தனர். உள்ளூர் நிலவுடைமையாளரின் அடிமை முறையையும் குடியேற்ற ஆட்சி குலைக்கவில்லை. அதனைப் பதிவுசெய்து, ஒழுங்குபடுத்தித் தனது நலனுக்குப் பயன்படுத்திக்கொண்டது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இலேயாகும். எனவே கோட்டையைக் காணவரும் இளைஞருக்கு அதன் கட்டடக் கலையை மட்டும் எடுத்துரைத்தல் பாதி வரலாறே ஆகும்.

கோட்டை வழங்கிய ‘பாதுகாப்பு’ உள்ளிருந்த சிலருக்கு உரியது. மதிலைச் சூழ்ந்த வெளி வெறுமையாக வைக்கப்பட்டமைக்குக் காரணம், வருபவரைப் பீரங்கியின் பார்வையில் வைத்திருக்கும் அக்காலப் போர் நியதியேயாகும். ஆங்கிலேயர் காலத்திலும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. நீண்டகாலம் அரசாங்க அதிபராக விளங்கிய டைக், பழைய பூங்கா எனப்படும் சோலையை வளர்த்தார். அது அதிபரின் வாசத்தலத்தைச் சூழ்ந்த தோட்டமாகவே நெடுங்காலம் இருந்தது. 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக 1882இல் மணிக்கூட்டுக் கோபுரம் எழுப்பப்பட்டது. நகரத்தார்க்கு நேரத்தை அறிவித்த அக்கோபுரம், முடியாட்சிக்கு அவர்கள் காட்டவேண்டிய விசுவாசத்தையும் உடன் அறிவித்தது.

இத்தகைய நகரிற் பொதுவெளி என்பது மேலிருந்து வழங்கப்பட்ட கொடை அன்று. இருபதாம் நூற்றாண்டின் சமூக இயக்கங்களினூடாகவே அது உருப்பெற்றது. இதில் இளைஞர் வகித்த பங்கு முதன்மையானது. 1924இல் மாணவர் காங்கிரஸ் எனத் தோன்றிப் பின்னர் இளைஞர் காங்கிரசாக வளர்ந்த இயக்கம், அரசியல் விடுதலையையும் சாதி ஒழிப்பையும் ஒருசேரப் பேசியது. 1927இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தமை அவ்வியக்கத்தின் அழைப்போடு தொடர்புடையது. ஆங்கிலக் கல்வி பெற்ற மத்தியதர வர்க்கத்தின் வரையறைகள் அதற்கு இருந்தன என்பது உண்மையே. ஆயினும், பொது மேடையில் இளைஞர் கூடித் தமது சமூகத்தையே விசாரணைக்குட்படுத்தும் வழக்கத்தை அது தொடக்கிவைத்தது.

நூலகத்தின் தோற்றமும் இச்சூழலுக்கு உரியது. 1933இல் க. மு. செல்லப்பா தமது இல்லத்தில் தொடங்கிய சிறு முயற்சி, அடுத்த ஆண்டில் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் பொதுசன நூலகமாயிற்று. பின்னர் நகரசபை அதனைப் பொறுப்பேற்றது. புதிய கட்டடத்திற்கு நிதி திரட்டக் களியாட்ட விழா நடத்தப்பட்டது. அதிட்டலாபச் சீட்டுகளும் விற்கப்பட்டன. அடிக்கல் 1954இல் நாட்டப்பட்டது. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடப்படி எழுந்த கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. நூலகவியலறிஞர் இரங்கநாதனின் ஆலோசனையும் இதற்குக் கிடைத்தது. கோட்டை கட்டாய உழைப்பின் விளைவு. நூலகமோ பெரும்பாலும் விரும்பி அளித்த சிறு தொகைகளின் விளைவு. காணியோ குலமோ செல்வமோ இல்லாத மாணவன் ஒருவன் விலைகொடாது அமர்ந்திருக்கத்தக்க நிழலை நகரம் அங்கு பெற்றது.

1981ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் ஜூன் மாதத் தொடக்கத்திலும் நகரிற் பொலிசார் நடத்திய வன்செயல்களின்போது அந்நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், மீட்கவியலாத ஏடுகளும் அழிந்தன. ஒரு தேசிய இனத்தின் அறிவுச் சேமிப்பின் மீது பேரினவாதம் நடத்திய தாக்குதலாக அது நினைவுகூரப்படுவது முற்றிலும் சரியே. ஆனால் இம்மண்ணின் நினைவில் இடம்பெறாத வேறொரு தீயும் உண்டு. 1930ஐ ஒட்டிய காலத்திற் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டும் என்ற நடைமுறை வந்தபொழுது, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சமமாக அமர்த்திய பாடசாலைகள் சில எரிக்கப்பட்டன. அத்தீயை மூட்டியோர் வெளியிலிருந்து வந்தவர் அல்லர். முதலாவது தீயை நினைந்து இரண்டாவதை மறக்கும் மரபுணர்வு முழுமையானது ஆகாது. பொதுவெளிக்குப் பகை வெளியிலிருந்து மட்டுமன்றி உள்ளிருந்தும் வரும் என்பதே இவ்விரு நிகழ்வுகளும் ஒருங்கே உணர்த்தும் பாடமாகும்.

முற்றவெளியின் வரலாறும் இதனையே வலியுறுத்துகின்றது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இருந்தும் தேநீர்க் கடைகளும் கோயில்களும் பலருக்கு மூடியே இருந்தன. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திற் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம், பொலிசாரின் தாக்குதலையும் மீறி நகரை அடைந்து முற்றவெளியிற் கூட்டமாக நிறைவுற்றது. பீரங்கிக்காக வெறுமையாக்கப்பட்ட நிலம் ஒடுக்கப்பட்டோரின் மன்றமாயிற்று. அதே சுற்றாடலில், கூட்டுறவாளர்களின் முயற்சியால் எழுந்த வீரசிங்கம் மண்டபத்தின் முன்றிலில், 1974 ஜனவரி 10ஆம் நாள் நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாட் கூட்டத்திற் பொலிசார் புகுந்தமையாற் பொதுமக்கள் உயிரிழந்தனர். பொதுவெளியில் மக்கள் கூடுவது ஆட்சியாளருக்கு எத்துணை அச்சம் தருவது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1990இல் கோட்டை முற்றுகைக்குள்ளாயிற்று. 1706இல் அமைந்த ஒல்லாந்தர் தேவாலயமும் போரில் அழிந்தது. போர் முடிந்தபின் கோட்டை ஒல்லாந்து நாட்டின் உதவியுடன் புனரமைக்கப்பட்டது. நூலகம் அதற்கு முன்னரே மீள எழுந்துவிட்டது. இன்று மாலை வேளைகளிற் கோட்டை மதிலிலும் பண்ணைக் கரையிலும் இளைஞர் கூடுகின்றனர். கட்டாய உழைப்பின் சின்னம் ஓய்வின் இடமாக மாறியிருப்பது வரவேற்கத்தக்க முரண்பாடாகும். ஆனால் அங்கு தனியே வரும் பெண்ணொருத்தி ஊர்வாயை எண்ணி அஞ்சுகின்றாள். சேர்ந்து அமரும் இளைஞர் குழு ஐயத்துடன் நோக்கப்படுகின்றது. போதைப்பொருள் குறித்த நியாயமான கவலையும் இளைஞர் கூடுவதையே குற்றமாகக் கருதும் மனப்போக்கிற்குச் சாட்டாகின்றது. பாதுகாப்பு என்பது வாயிலில் நிற்கும் காவலர், பூட்டு, கண்காணிப்பு என்றே பொருள்படுமாயின், நாம் மீண்டும் கோட்டைக்குள்ளேயே வாழ்கின்றோம் எனலாம்.

நூலகம் காட்டிய பாதுகாப்பு வேறுவகையினது. பலர் வந்துபோவதாலும், எவரும் தம்முடையதென உணர்வதாலும் அது உண்டாயிற்று. அவ்வகைப் பாதுகாப்பிற்கு மின்விளக்கும் கழிப்பறையும் இரவில் வீடுதிரும்பப் பேருந்தும் வேண்டும், கட்டணமின்மை வேண்டும், பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அயற்கிராமத்து உழைப்பாளர் பிள்ளைகளும் சமமாக இடம்பெறல் வேண்டும். பொது இடங்களின் நிருவாகம் மக்களாற் தெரிவுசெய்யப்பட்ட மாநகர சபையின் பொறுப்பில் இருத்தலும், அதில் இளைஞர் குரலுக்கு இடமிருத்தலும் இன்றியமையாதன. கோட்டை வாயிலில் ஒல்லாந்தர் ஆண்டுகளோடு ஊழியம் செய்தோர் வரலாறும், முற்றவெளியில் 1974இன் நினைவோடு 1966இன் நினைவும் எழுதப்படல் வேண்டும். தமது முன்னோர் இந்நிலத்தை எவ்வாறு பொதுவாக்கினர் என்பதை அறிந்த தலைமுறையே அதனைப் பொதுவாக வைத்திருக்கும் ஆற்றலைப் பெறும்.