ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்குது?

போன வாரம் ஊரிலிருந்து தம்பி போன் பண்ணினான். மாடி ஒழுகுதாம், கொத்தனார் வந்திருக்காராம். "அந்த ஆன்டெனா கம்பத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுடவாண்ணே?" என்றான். போட்டுடு என்று சொல்ல வேண்டியதுதானே? வாயில் வரவில்லை. நாளைக்குச் சொல்றேன் என்று வைத்துவிட்டேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம். இந்தியாவில் தொலைக்காட்சி முதலில் வந்தது நான் இப்போது இருக்கும் இதே டெல்லியில்தான், 1959 செப்டம்பர் 15 அன்று. மும்பைக்கு 1972-இல், சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15-இல் வந்தது. அதனால் எங்களுக்கு என்ன லாபம்? டிவி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிற சங்கதி. பூமியோ உருண்டை. சென்னை எங்களுக்கு நேர்கோட்டில் பார்த்தாலே 500 கிலோமீட்டருக்கு மேல். அந்த அலை எங்கள் ஊரை எட்டவே இல்லை.

ஆனால் கொழும்பு 300 கிலோமீட்டருக்கும் குறைவு. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. அந்நாட்டின் மிக உயரமான மலையான பிதுருதலாகலை உச்சியிலும் டிரான்ஸ்மிட்டர் வைத்தார்கள். இடையில் இருப்பது வெறும் கடல். வெயில் காலத்தில் கடலுக்கு மேலே காற்று அடுக்கடுக்காக நிற்கும்போது அலை வளைந்து, போக வேண்டிய தூரத்தைத் தாண்டியும் வரும். அப்படித்தான் இலங்கை டிவி எங்கள் வீட்டுக்கு வந்தது. காசில்லை, கம்பியில்லை.

அப்பா 1983-இல் டிவி வாங்கினார். டிவியை விட அவருக்குப் பெருமை அந்தக் கம்பம்தான். ஜி.ஐ. பைப், நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பி, உச்சியில் மீன் முள்ளு மாதிரி அலுமினியக் குழாய்கள். அதற்கு யாகி-உடா ஆன்டெனா என்று பெயர். 1926-இல் ஜப்பானின் செண்டாய் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் உடா, யாகி என்ற இருவர் உருவாக்கியது. பின்னால் இருக்கும் நீளக் குழாய் அலையைத் திருப்பியடிக்கும். முன்னால் இருக்கும் குட்டைக் குழாய்கள் அலையை வழிகாட்டிக் கூட்டி வரும். நடுவில் வளைத்த குழாய் அதை வாங்கிக் கீழே அனுப்பும். குழாயின் நீளம் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி. 60 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலை 5 மீட்டர், குழாய் இரண்டரை மீட்டர்! கம்பம் ஏன் காற்றில் அப்படி ஆடியது என்று இப்போது புரிகிறது.

யாகிக்கு ஒரு குணம். எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் நன்றாகக் காது கேட்கும். அப்பா மேலே, நான் ஜன்னலில், அம்மா டிவி முன்னால். "தெரியுதா?" "தெரியலை!" "இப்ப?" "ஆங்... அங்கேயே நில்லுங்க!" தென்கிழக்கே பார்த்துக்கொண்டிருந்த ஆன்டெனாவை, 80-களின் பிற்பாதியில் கொடைக்கானல் நிலையம் வந்த பிறகு அப்பா வடமேற்கே திருப்பினார். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் முடிந்ததும் மறுபடி மாடியேறி இலங்கைக்குத் திருப்புவார். 'ரெண்டு நாடும் நம்ம மொட்டை மாடியிலதான்டா' என்பார்.

1989-இல் வேலை கிடைத்து டெல்லி வந்தேன். கரோல் பாக்கில் ஒரு பர்சாத்தி, அதாவது மொட்டை மாடி அறை. சுற்றிலும் ஆன்டெனாக் காடு. எல்லாமே ஒரே திசையைப் பார்த்து நின்றன. பீதம்புராவில் 1988-இல் கட்டி முடித்த 235 மீட்டர் கோபுரம் அந்தப் பக்கம் இருந்தது. வந்ததெல்லாம் இந்தி. தமிழ் எப்போது வரும்? ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் போடுவார்களே, அதில் முறை வைத்து வரும். தமிழின் முறை வந்தால் வீட்டுக்காரப் பஞ்சாபி அம்மா கீழிருந்து "மதராஸி பிக்சர் ஆ கயீ!" என்று கூப்பிடுவார். அவர்கள் ஆங்கில எழுத்தைப் படித்துக்கொண்டு பார்ப்பார்கள். நான் காதால் பார்ப்பேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் எனக்குப் பசியே தெரியும்.

1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது, பிறகு கேபிளில் தமிழ் தினமும் வந்தது, மாதச் சந்தாவோடு. ஆன்டெனாவை எல்லாரும் மறந்தோம். 2016-இல் தூர்தர்ஷன் 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கியதும் நம்மில் பலருக்குத் தெரியாது. பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் முக்கியமான இடங்களில் ஏறக்குறைய 50 தவிர மற்றவற்றை 2022 மார்ச்சுக்குள் மூடினார்கள். அதற்காக யாரும் அழவில்லை, நானும்தான். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார்.

இன்று என் டிவியில் எத்தனையோ தமிழ் சேனல். என் பெண் ஒன்றையும் பார்ப்பதில்லை. அன்றைக்குத் தமிழ் வரும் திசையை அப்பா தேடித் திருப்பினார். இன்றைக்குத் தமிழ் எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. திரும்புவதற்குத்தான் வீட்டில் ஆளில்லை. குறை அவளுடையது இல்லை. மாடியேறியது அப்பா, நான் ஏறவே இல்லையே.

மறுநாள் தம்பியைக் கூப்பிட்டேன். "கழற்றிக்கோ. ஆனா அதுக்கு முன்னாடி அது எந்தப் பக்கம் பார்க்குதுன்னு மட்டும் சொல்லு" என்றேன். மாடிக்குப் போய்விட்டு வந்து சொன்னான்: "காக்கா உக்காந்து உக்காந்து எல்லாம் வளைஞ்சு போச்சுண்ணே. தரையைத்தான் பார்க்குது."

உங்கள் வீட்டு ஆன்டெனா எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது? பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறீர்களா?