கண்ணுக்குப் புலப்படாத கதிரும் வாயிற்காவலும்

புலி வருமுன் உறுமல் கேட்கிறது. நெருப்புப் பற்றுமுன் புகை தெரிகிறது. கதிரியக்கத்துக்கு இத்தகைய முன்னறிவிப்பு ஏதும் இல்லை. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ஒலியில்லை. பொது இடத்தில் மறைந்துகிடக்கும் கதிரியக்கப் பொருளைப் புலன்களால் அறிய இயலாது. கருவியால்தான் அறிய வேண்டும்.

அக்கருவி நெடுநாளைக்கு முன்பே நமக்குக் கிடைத்துவிட்டது. 1908-ஆம் ஆண்டில் ரதர்போர்டும் கைகரும் மான்செஸ்டர் நகரில் கதிர்த்துகள்களை மின்முறையில் எண்ணினர். 1928-ல் கைகர் தம் மாணவர் முல்லருடன் அம்முறையைச் செம்மைப்படுத்தினார். ஆயினும், கருவியை எங்கே நிறுத்துவது என்பதை உலகம் உணர்வதற்கு மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

அதை உணர்த்திய நிகழ்ச்சி மெக்சிகோ நாட்டின் எல்லை நகரமாகிய ஹுவாரெஸில் தொடங்கிற்று. அங்கே ஒரு மருத்துவமனை வாங்கிய புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவியொன்று, ஆண்டுக்கணக்கில் பயன்படாமல் கிடங்கில் கிடந்தது. 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் அது பழைய இரும்புக் கடைக்கு விற்கப்பட்டது. அதனுள் கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள், ஏறத்தாழ 6,000 சிறு மணிகளாக அடைக்கப்பட்டிருந்தது. உறை உடைந்தது. மணிகள் சில வண்டியிலும் கடையிலும் சிதறின. பல, இரும்போடு இரும்பாக உலையில் உருகிக் கட்டடக் கம்பிகளாகவும் மேசைக் கால்களாகவும் வடிவெடுத்தன. விற்றவரும் அறியார்; உருக்கியவரும் அறியார்; வாங்கி வீடு கட்டியவரும் அறியார்.

1984 ஜனவரி 16-ஆம் நாள், அக்கம்பிகளை ஏற்றிய லாரி ஒன்று அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூடத்தின் வழியே சென்றது. அங்கே நிறுத்தியிருந்த கதிர் உணர்கருவி அபாய ஒலி எழுப்பிற்று. ஆய்வுக்கூடம் தன் தேவைக்காக வைத்த காவல், ஊராரின் வீடுகளில் புகுந்திருந்த ஆபத்தைக் காட்டிக் கொடுத்தது! பின்னர் மெக்சிகோவில் 17,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை ஆராய்ந்தனர். 814 கட்டடங்களை முழுமையாகவோ பகுதியாகவோ இடிக்க நேர்ந்தது. அந்த லாரி வேறு வழியாகச் சென்றிருந்தால் இவ்வுண்மை எப்போது வெளிப்பட்டிருக்கும்?

ஹுவாரெஸில் நிகழ்ந்தது அறியாமையின் விளைவு. 1995 நவம்பரில் மாஸ்கோவில் நிகழ்ந்ததோ திட்டமிட்ட செயல். செச்சென் கிளர்ச்சியாளர் இஸ்மாயிலோவோ பூங்காவில் சீசியம்-137 அடங்கிய கலத்தைப் புதைத்துவிட்டு, செய்தியாளருக்குத் தாங்களே அறிவித்தனர். அச்சுறுத்துவதே அவர்கள் நோக்கமாதலால் உயிர்ச்சேதம் நேரவில்லை. ஆனால் வைத்தவரே வந்து சொல்வார் என்று எந்த நகரமும் நம்பியிருக்க முடியுமா?

நம் நாட்டுப் படிப்பினை இவ்விரண்டினும் துயரமானது. 2010-ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக்கழகம் ஏலம்விட்ட பழைய ஆய்வுக் கருவியொன்று மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையை அடைந்தது. அதிலும் கோபால்ட்-60 இருந்தது. அங்கே ஒலி எழுப்பக் கருவி இல்லை. தொழிலாளரின் உடலில் தோன்றிய நோய்க்குறிகளே முதல் எச்சரிக்கையாயின. ஒருவர் உயிர் துறந்தார். கருவி செய்திருக்க வேண்டிய பணியை மனித உடல் செய்தது.

இன்று உலகின் பல துறைமுகங்களிலும், எல்லைச் சாவடிகளிலும், இரும்பு ஆலை வாயில்களிலும் உணர்தூண்கள் நிற்கின்றன. காமாக் கதிர் தூணிலுள்ள பொருளில் பட்டதும் மிக நுண்ணிய ஒளித்துளி தோன்றும். அது மின்துடிப்பாக மாறி எண்ணப்படும். இக்காவலுக்கும் எல்லையுண்டு. தொலைவு இருமடங்கானால் கதிரின் செறிவு கால்பங்காகக் குறையும். கனத்த ஈயம் அதனைப் பெரும்பாலும் மறைத்துவிடும். கருங்கல் ஏற்றிய வண்டியும், மருத்துவத்துக்காகக் கதிர்மருந்து உட்கொண்டவரும் வீணே ஒலியெழச் செய்வதுண்டு. ஆகவே ஒலி கேட்டதும் ஒருவரைக் குற்றவாளியெனக் கொள்வதும் தவறு. வழக்கமான ஒலிதானே என்று வாளாவிருப்பதும் தவறு. பொறுமையோடு மீண்டும் அளந்து தெளிவதே முறை.

இவ்வரலாறு கூறும் செய்தி ஒன்றுண்டு. ஹுவாரெஸிலும் தில்லியிலும் கதிரியக்கப் பொருள் திருடர் குகையிலிருந்து வரவில்லை. நோய் தீர்க்கும் இடத்திலிருந்தும் கல்வி வளர்க்கும் இடத்திலிருந்தும் வந்தது. பயன் முடிந்த கருவிக்குக் கணக்கு வைத்து, உரியவரிடம் ஒப்படைப்பதே முதற்காவல். வாயிலில் நிற்கும் தூண் அதற்கு அடுத்த காவலேயாகும்.