கிழங்குப் பூஞ்செடிகள்: ஊவா மலைத்தோட்டங்கள்

கிழங்குப் பூஞ்செடிகள் மண்ணுக்கடியில் உணவைச் சேமித்து வைத்து, இலை காய்ந்த பின்னும் உயிரோடிருந்து, பருவம் வந்ததும் மறுபடி தளிர்த்துப் பூப்பவை. அமரில்லிஸ், மழை லில்லி ஆகியவற்றுக்கு வெங்காயம்போல் அடுக்கடுக்கான குமிழ் உண்டு. கல்வாழையும் ஆரம் லில்லியும் தடித்த வேர்த்தண்டுக்கிழங்கிலிருந்து முளைக்கின்றன; டேலியாவின் வேரே கிழங்காகப் பருக்கிறது. பேச்சுவழக்கில் பலவும் லில்லி எனப்பட்டாலும், தாவரவியலில் லிலியம் பேரினத்தைச் சேர்ந்தவையே மெய்யான லில்லிகள். இலங்கையின் ஊவா மாகாணத்தில் பூனாகலை, பண்டாரவளை, அப்புத்தளை வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் பங்களா முற்றத்துக்கும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலுக்கும் பொதுவான அழகு இச்செடிகள்.

இலங்கை மண்ணில் இயல்பாக வளரும் கிழங்குப் பூக்களில் முதலாவது கார்த்திகைப்பூ எனப்படும் செங்காந்தள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் மலர்களில் முதலில் வருவதும் இதுவே. சிங்களத்தில் இதன் பெயர் நியங்கலா. இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு வேலியைப் பிடித்து ஏறும். மஞ்சளும் சிவப்புமான இதழ்கள் தீச்சுடர்போல் மேல்நோக்கி வளையும். வெண்ணிறப் பூக்கொத்து விடும் விஷமூங்கிலும் இந்நாட்டுச் செடியே.

அயல்நாட்டு இனங்கள் பரவியது ஆங்கிலேயர் காலத்தில். 1815இல் கண்டி இராச்சியம் அவர்கள் வசமானது. 1821இல் பேராதனைப் பூங்காவும், 1861இல் சிங்கோனா பயிரிடுவதற்காக நுவரெலியா–பதுளை வீதியிலுள்ள ஹக்கலைப் பூங்காவும் தொடங்கப்பட்டன. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின. ரயில்பாதை 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. உறங்கும் குமிழ் வாரக்கணக்கில் தண்ணீரின்றித் தாங்குவதால், இம்மலைகள் வரையான நெடும்பயணத்துக்கு ஏற்ற நடுபொருளாக விளங்கியது.

எல்லாக் குமிழும் இம்மலைகளில் நிலைக்கவில்லை. டியூலிப் பூப்பதற்கு மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடுங்குளிர் வேண்டும். ஊவாவில் அது இல்லை. தென்னாபிரிக்காவின் அகபாந்தஸும் ஆரம் லில்லியும், மெக்சிக்கோவின் டேலியாவும், தென்னமெரிக்காவின் அமரில்லிஸும் எளிதில் ஒத்துப்போயின. வீடுகளில் அமரில்லிஸ் எனப்படுவது உண்மையில் ஹிப்பியாஸ்ட்ரம் பேரினம். இங்கிலாந்தின் கடிகாரத் தொழிலாளி ஆர்தர் ஜோன்சன் 1799இல் இதன் முதல் கலப்பினத்தை உருவாக்கினார். வில்லியம் ஹெர்பர்ட் 1821இல் பேரினப் பெயரைச் சூட்டினார்.

லயத்து வாசலில் இச்செடிகள் நிலைபெற்றதற்குக் காரணம் அவற்றின் பெருக்கமே. தாய்க்குமிழின் அடியில் ஆண்டுதோறும் குட்டிகள் கட்டும். பிரித்து எடுத்தால் விதையும் வேண்டாம், பணமும் வேண்டாம். கைக்குக் கை மாறலாம். லயத்து முன்புறம் குறுகலானது. நிலமும் குடியிருப்போருக்குச் சொந்தமன்று. பழைய வாளியிலும் தகர டின்னிலும் வளரக்கூடிய பூ அங்கே பெரும் செல்வம்.

ஊவாவின் பெருமழை ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்றால் வருகிறது. ஆனி முதல் ஆவணி வரை வறண்ட காற்று வீசும். கொழுந்துக்குத் தனி மணம் தரும் இந்த வறட்சியே குமிழ்களுக்கு ஓய்வுக்காலம். அப்போது நீரைக் குறைத்துவிட வேண்டும். ஓய்வு முடிந்து நீர் கண்டதும், அமரில்லிஸில் இலைக்கு முன்பாகவோ இலையோடு சேர்ந்தோ உட்குழாயான தண்டு எழுந்து, உச்சியில் இரண்டு முதல் நான்கு எக்காளப் பூக்கள் விரியும். மழை லில்லி, நல்ல மழை பெய்த சில நாளில் ஒன்றுபோல மலரும்.

நடும்போது அமரில்லிஸ் குமிழின் கழுத்தும் மேற்பகுதியும் மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். முழுவதும் புதைத்தால் அழுகும். மணலும் மக்கிய எருவும் கலந்த, நீர் தேங்காத மண் நல்லது. பூ உதிர்ந்ததும் இலைகளை வெட்டக்கூடாது; அடுத்த பூவுக்கான உணவை அவையே சமைத்துக் குமிழுக்கு அனுப்புகின்றன.

கறுப்பு உடலில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளியிட்ட லில்லி அந்துப் புழு, காந்தளையும் விஷமூங்கிலையும் மொட்டையாக்கிவிடும். சிறு தோட்டத்தில் கையால் பொறுக்கி அழிப்பதே போதுமானது. இச்செடிகளில் பல நஞ்சுடையவை. காந்தள் கிழங்கிலுள்ள கொல்கிசின் உயிரையே பறிக்கக்கூடியது. அமரில்லிஸ் குமிழைத் தின்றால் வாந்தி எடுக்கும். எனவே பிரித்த கிழங்குகளைச் சமையல் வெங்காயம், வள்ளிக்கிழங்கு ஆகியவற்றுக்கு அருகில் வைக்காமல், பிள்ளைகளுக்கும் கால்நடைக்கும் எட்டாத இடத்தில் உலர்த்த வேண்டும்.