கோப்பைக்குள் ஒரு மேயர்

பிரெஞ்சு காக்டெயில் என்றதும் பெரிய பார், குலுக்கும் டப்பா என்றெல்லாம் பயப்பட வேண்டாம். 'கிர்' வீட்டில் ஒரு நிமிட வேலை. பிளாக் கரண்ட் பழத்தில் செய்யும் இனிப்பான காசிஸ் மது 10 மி.லி., அதன்மேல் குளிர்ந்த வெள்ளை ஒயின் 90 மி.லி. அவ்வளவுதான். (பழைய அளவு மூன்றில் ஒரு பங்கு காசிஸ். இன்றைய நாக்குக்கு அது சர்க்கரைப் பாகு!)

பெயர் யாருடையது தெரியுமா? ஒரு கத்தோலிக்கப் பாதிரியாருடையது. 1940-ல் ஜெர்மன் படை டிஜோன் நகருக்குள் நுழைந்தபோது ஃபெலிக்ஸ் கிர் ஓடவில்லை. நகர நிர்வாகத்தைக் கவனித்தபடியே, அருகிலிருந்த முகாமிலிருந்து போர்க்கைதிகள் ஆயிரக்கணக்கில் தப்ப உதவினார். கைதானார். 1944 ஜனவரியில் அவரை வீடு தேடி வந்து சுட்டவர்கள் ஜெர்மானியர் அல்ல, அவர்களுக்குத் துணைபோன பிரெஞ்சுக்காரர்கள். எப்படியோ பிழைத்தார். 1945-ல் மேயரானவர், 1968-ல் தன் 92-வது வயதில் இறக்கும்வரை மேயர்தான்.

இந்த பானத்தை அவர் கண்டுபிடிக்கவில்லை. 'வெள்ளை-காசிஸ்' என்ற பெயரில் முன்பே இருந்தது. பர்கண்டியின் அலிகோத்தே ஒயின் புளிக்கும், டிஜோன் காசிஸ் தித்திக்கும், இரண்டையும் கலந்தார்கள். போருக்குப்பின் இரண்டுக்கும் சந்தை வேண்டியிருந்தது. நகரமன்றத்துக்கு வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் கிர் இதையே நீட்டினார். குடித்தவர்கள் அவர் பெயரையே சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

தன் பெயரைப் பயன்படுத்தும் உரிமையை முதலில் ஒரு காசிஸ் நிறுவனத்துக்குக் கொடுத்தார். பிறகு அதன் போட்டியாளர்களுக்கும் தாராளமாகக் கொடுத்துவிட்டார். சண்டை பிரான்சின் உச்ச நீதிமன்றம்வரை போய், 1992-ல் முதல் நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது.