செஞ்சிப் பாசறையில் ஓர் எழுதுகோல்

கண்டாச்சிபுரம் வட்டாரத்து மக்களுக்குச் செஞ்சிக் கோட்டை அயலூர்ச் சின்னமன்று. சொந்த வீட்டுச் சொத்து. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் தேசிங்கு ராஜனின் குதிரையும், அவன் தோழன் மகபத்கானின் வாளுமே நினைவுக்கு வரும். வாளேந்தியவர்களை நாம் மறக்கவில்லை. அவர்களுக்கு முன்பே அந்தக் களத்தில் எழுதுகோலேந்தி நின்றவர்களைத்தான் மறந்துவிட்டோம்.

முகலாயப் படை சென்ற இடமெல்லாம் செய்தி எழுத்தரும் உடன் சென்றார். வாக்கியா நவீஸ் என்பது அவர் பதவிப் பெயர். பாசறை நிகழ்ச்சிகளைப் பாரசீகத்தில் எழுதி அரசவைக்கு அனுப்புவது அவர் கடமை. அவருக்கும் தெரியாமல் எழுதி அனுப்பக் குஃபியா நவீஸ் என்னும் மறை எழுத்தர் இருந்தார்; உளவறிந்து சொல்ல ஹர்காராக்கள் இருந்தனர். தொலைவிலிருந்த பேரரசருக்கு இவர்களே கண்ணும் காதும்.

அந்தக் கண்ணும் காதும் அடைபட்டால் என்ன நேரும்? செஞ்சி அதற்குச் சான்று பகர்கிறது. மராட்டிய மன்னர் ராஜாராம் தஞ்சம் புகுந்திருந்த அக்கோட்டையை 1690இல் சுல்பிகார் கான் முற்றுகையிட்டார். 1692 டிசம்பரில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் பெரும்படையுடன் வந்து, முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டனர். தானியம் நின்றது, கடிதமும் நின்றது. செய்தி வராத இடத்தில் வதந்தி வந்து குடியேறியது. ஔரங்கசீப் இறந்துவிட்டார் என்றது அது. பாசறையிலிருந்த அவருடைய இளைய மகன் காம்பக்ஷுக்கு அப்போது வயது 25. அஞ்சிய இளவரசர் பகைவருடன் இரகசியமாகப் பேசத் தொடங்கினார். அமைச்சர் ஆசாத் கானும் அவர் மகன் சுல்பிகார் கானும் இளவரசரையே சிறைப்பிடித்தனர். 1693 ஜனவரியில் படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது. இறந்ததாகச் சொல்லப்பட்ட பேரரசரோ 1707 வரை வாழ்ந்தார்!

இவற்றை அருகிருந்து எழுதியவர் பீம்சேன். புந்தேலத் தலைவர் தளபத் ராவிடம் பணிபுரிந்த இந்துக் கணக்கர். அரசவைக்கு அறிக்கை எழுதுவது அவர் வேலையன்று. ஆயினும் தாம் கண்டதை ‘நுஸ்கா இ தில்குஷா’ என்னும் பாரசீக நினைவு நூலாக்கினார். சுல்பிகார் கான் நினைத்திருந்தால் வந்த அன்றே கோட்டையைப் பிடித்திருக்கலாம். போரை நீட்டிப்பது தளபதிகளின் வழக்கம் என்று அவர் எழுதியிருக்கிறார். தம் தரப்புத் தளபதியைப் பற்றியே இப்படி எழுத நெஞ்சுரம் வேண்டாமா? கோட்டை வீழ்ந்தது 1698இல்தான். அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார்.

நம் சரித்திர நாவலாசிரியர்கள் பெரும்பாலும் இளவரசர்களையும் தளபதிகளையுமே நாயகர்களாக்குகிறார்கள். எண்ணிப் பாருங்கள்: முற்றுகைப் பாசறையில் ஓர் இளம் செய்தி எழுத்தன், கையில் வெறுந்தாள், வெளியே வதந்தி, உண்மையை எழுதினால் தளபதியின் சினம், எழுதாவிட்டால் பேரரசுக்குக் கேடு. இதைவிட நல்ல கதைக்கரு வேறென்ன வேண்டும்?

2025இல் செஞ்சிக் கோட்டை உலக மரபுச் சின்னமாயிற்று. கல்லுக்கு அந்தப் பெருமை கிடைத்துவிட்டது. அங்கே உண்மையை எழுதிய கைகளுக்கு உரியதை நாம்தான் செலுத்த வேண்டும்.